‘எதுக்கு?’ என்றொரு கட்டம்

போன வாரம் நஸ்ரின் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுக் கிளம்பியபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவள்தான். எடுத்ததும் ஒரே சிரிப்பு.

"மேடம், நம்ம கட்டத்துக்கு மிஷின் வெக்கப் போறாங்க. இனிமே அதுவே படிச்சுப் பாத்து சரி, தப்புன்னு சொல்லிடுமாம். நாங்க தலையாட்டினா போதுமாம்."

"அந்த மிஷினுக்குக் கல்யாணப் பத்திரிகைன்னா இன்னான்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"அதான் மேடம். புதுசா வந்திருக்கிறவங்களுக்கும் தெரியலை. பயிற்சிப் பாடத்துல அந்தக் கதை ஒரே வரியா இருக்குது. படிச்சிட்டு, ஒரு பத்திரிகைக்கா இவ்ளோ கலாட்டான்னு கேக்கறாங்க. நீங்க முழுசா எழுதிக் குடுங்களேன்."

எழுத நான் என்ன எழுத்தாளரா? ஆனால் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் இத்தனை வருஷம் பிழைத்தது வாயால்தான். அந்த வாயையே கொஞ்சம் காகிதத்தில் இறக்கி வைக்கிறேன்.

உப்பு முதல் கற்பூரம் வரை ஆன்லைனில் விற்கிற பெரிய கம்பெனி எங்களுடையது. பெயர் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம். நாடு முழுக்க யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், என்ன நம்பர், என்ன வாங்கினார்கள், எதைப் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும். கம்பெனி ஆளாகவே இருந்தாலும் அதைச் சும்மா திறந்து பார்க்க முடியாது. திறக்கப் போனால் திரையில் ஒரு காலிக் கட்டம் வரும். ‘எதற்காகப் பார்க்கிறீர்கள்?’ அதில் காரணம் எழுத வேண்டும். சின்ன வேலைகளுக்கு ரெடிமேடாக நாலைந்து காரணங்கள் இருக்கும், ஒன்றைத் தொட்டால் போதும். பெரிய விஷயமென்றால் எழுதியது எங்கள் குழுவுக்கு வரும். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நாங்கள். கொடுத்த பிறகும் விட மாட்டோம். சொன்ன காரணமும் செய்த காரியமும் பொருந்துகிறதா என்று மறுநாள் காலையில் பார்ப்போம். எதற்கு வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் அந்த விவரம். வேறெதற்கும் இல்லை. அவ்வளவுதான் என் உத்தியோகம்.

எங்கள் தெருவில் கடைசிவரை இது யாருக்கும் புரியவில்லை. எனக்கு ஊர் உலகத்துச் சங்கதியெல்லாம் தெரியும் என்று மட்டும் புரிந்தது. எதிர் வீட்டு சரோஜாக்கா, பெண்ணுக்கு அரக்கோணத்தில் வரன் வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"மரகதம், அந்தப் பையன் உங்க கம்பெனியில இன்னா இன்னா வாங்கறான்னு பாத்துச் சொல்லேன். நாலு எடத்துல விசாரிக்கிறோம், இதுவும் ஒரு விசாரிப்புதானே?"

"அக்கா, அதெல்லாம் பாக்கக் கூடாதுக்கா."

"சரி, ஒண்ணே ஒண்ணு. தலைக்கு டை வாங்கறானா? அதை மட்டும் சொல்லிடு."

உள்ளே தறியில் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் நெய்வதை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார். "சரோஜா, இவ கிட்ட ஒண்ணும் பேராது. கட்டின புருஷன், எனக்கே இவ போன் பாஸ்வேர்டு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

சரோஜாக்கா ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை டை அடிக்கிற ஆள்தான். அது எனக்கும் முகூர்த்தத்தன்றைக்குத்தான் தெரியும்!

படித்த கதை பெரிதில்லை. டைப்ரைட்டிங் ஹையர், காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்துப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், பிறகு சென்னையில் ஒரு கால் சென்டரில் ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட சில வருஷங்கள். அங்கிருந்து இந்தக் கம்பெனிக்கு வந்தேன். என் தொழிலை நான் கற்றது இங்கே, வசுந்தரா மேடத்தின் மேஜைக்கு எதிரில்.

வசுந்தரா என்னைவிட வயதில் சின்னவர். ஊரில் தெலுங்கு பேசுகிற வியாபாரக் குடும்பம். சீட்டில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் ஓரமாக விடுவார். சாயங்காலம் கிளம்பும்போதுதான் மறுபடி மாட்டுவார், நடுவில் எங்கே போனாலும் வெறுங்கால்தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மேஜைமேல் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா நிறையக் கல்கண்டு இருக்கும். நாங்கள் எழுதிக்கொண்டு போன காரணத்தை வாய்விட்டு ஒவ்வொரு சொல்லாகப் படிப்பார். படித்து முடித்து, "எதுக்கு?" என்பார். பதில் சொல்வோம். அதற்கும் "எதுக்கு?" மூன்றாவது தடவை கேட்டும் பதில் நிற்கிறதென்றால் டப்பாவை நம் பக்கம் தள்ளுவார். நிற்கவில்லையென்றால் அவரே ஒரு கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். திரும்பிப் போய் எழுத வேண்டியதுதான். என்னிடம் இவ்வளவு பொறுமையாக என் மாமியார்கூட இருந்ததில்லை.

ஒரு தீபாவளி சமயம், விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு கெட்டிக்காரர் வந்தார். சர்க்கரை நோயாளிகள் போடுகிற மெத்தைச் செருப்பு வாங்கினவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர்களுக்குச் சர்க்கரை இல்லாத இனிப்பு விளம்பரம் அனுப்பப் போகிறாராம். ‘வாடிக்கையாளர் நலனுக்காக’ என்று எழுதியிருந்தார்.

"எதுக்கு?" என்றார் மேடம்.

"அவங்க நல்லதுக்குத்தான் மேடம். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு..."

"இருக்குதுன்னு உங்ககிட்ட சொன்னாங்களா?"

"செருப்பு வாங்கியிருக்காங்களே!"

"செருப்பு வாங்கினாங்க. நாம செருப்பு குடுத்தோம். அதோட முடிஞ்சிபோச்சு அந்த யாவாரம். சம்பந்தி வீட்டுக்கே சொல்லாம மறைச்சி வெச்சிருப்பாங்க. நீங்க இனிப்பு டப்பா படத்தைப் போட்டு வீட்டு போன்ல அனுப்பினா எல்லாருக்கும் தெரியாதா? அவங்க காலுக்குத்தான் அளவு குடுத்தாங்க, ரத்தத்துக்கு இல்ல."

அவருக்குக் கல்கண்டு கிடைக்கவில்லை. எனக்கு இந்த வேலைமேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இனி பத்திரிகைக்கு வருகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து எங்களுக்கு ஆபீஸ் வண்டி உண்டு. அந்த வண்டியை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகிப் போகும். பொன்னேரிக்கரை தாண்டுவதற்குள் டிபன் டப்பாக்கள் திறந்துவிடும். பாட்டு, வம்பு, தூக்கம் எல்லாம் அதில்தான். வண்டியில் என் பக்கத்துச் சீட்டு சுகுணாவுடையது. திருப்புட்குழியில் விவசாயக் குடும்பம், அங்கிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் வண்டியில் ஏறுவாள். வாடிக்கையாளர் போனை எடுத்துப் பேசுகிற பிரிவு. தங்கமான குரல். கத்திக்கொண்டு வருகிறவனும் அவளிடம் பேசி முடித்தால் "நன்றிம்மா" என்பான். தங்கள் கொல்லையில் விளைந்த வேர்க்கடலையை வறுத்து எடுத்து வந்து என் மடியில் கொட்டுவாள். "சாப்புடுக்கா, வாய்க்கு வேலை குடுத்தாத்தான் நீ சும்மா இருப்பே" என்பாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் கடித்திருப்பேன்.

ஒரு நாள் காலை, வழக்கம்போல முந்தின நாள் திறக்கப்பட்ட விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ‘டெலிவரி புகார்’ என்று காரணம் தொட்டு ஒரு பெண்ணின் விலாசம் திறக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வரவேண்டிய பார்சல் எதுவுமே இல்லை. இந்த மாதிரி வருவது சகஜம், அவசரத்தில் கை தவறித் தொட்டிருப்பார்கள். திறந்தது யார் என்று பார்த்தேன். சுகுணா. அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்க எனக்கும் காரணம் எழுத வேண்டும். எழுதிவிட்டுக் கேட்டேன்.

ஒரு ஆண் குரல், நயமான பேச்சு. "அம்மா, நான் அவ அண்ணன் பேசறேன். எங்க கடைசித் தங்கச்சிக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். இவ வீட்டுக்காரரோட வேற ஊருக்குப் போனதுல போன் நம்பரு மாறிப்போச்சு. கூடப் பொறந்தவ கையில, வெத்தலை பாக்கோட பத்திரிகை வைக்காம எப்படிம்மா பந்தக்கால் நடறது? எங்க அம்மா அழுதுக்கினே இருக்குது. ஏரியா மட்டும் சொல்லு தாயி, நாங்க தேடிக்கினு போயிடறோம்."

சுகுணாவின் குரல் அப்படியே குழைந்துவிட்டது. "டோர் நம்பர்லாம் சொல்லக் கூடாது சார், ரூல்ஸ் இருக்குது" என்றாள். அப்புறம் ஊரையும் ஏரியாவையும் சொன்னாள். எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில், எந்தக் கடைக்கு மாடியில் என்று அந்தப் பெண் டெலிவரிக்காக எழுதி வைத்திருந்த அடையாளத்தையும் சொன்னாள். "அக்காவுக்குப் பத்திரிகை வெச்சு நல்லபடியா கல்யாணம் நடக்கட்டும் சார்" என்று வாழ்த்தி வைத்தாள்.

அது எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கு எதுக்கு?

எங்கள் குழுவுக்கு மட்டும் தெரிகிற பழைய புகார்ப் பக்கத்தையும் பார்த்தேன். அந்தப் பெண் சில மாதங்களுக்கு முன்னால் கம்பெனிக்கு எழுதியிருந்தாள். ‘நான் வீட்டாரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். பிறந்த வீட்டார் கையில் கிடைத்தால் எங்களை உயிரோடு விட மாட்டார்கள். யார் கேட்டாலும் என் விலாசத்தைச் சொல்லாதீர்கள்.’ அதற்கு நாங்கள், ‘உங்கள் கோரிக்கை பெறப்பட்டது’ என்று பதில் போட்டிருந்தோம். போன் எடுக்கிறவர்களின் திரைக்கு அந்தக் குறிப்பு போய்ச் சேரவே இல்லை. யாரும் சேர்க்கவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழைப்பு வந்தது முந்தின நாள் சாயங்காலம். அந்த அண்ணன் இந்நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கலாம். இறங்கியேகூட இருக்கலாம். மேடம் முன்னால் போய் விஷயத்தைக் கொட்டினேன். "அந்தப் பொண்ணு நம்பரைத் திறங்க மேடம், உடனே பேசணும்" என்றேன்.

முழுதாகக் கேட்டுக்கொண்டார். அனுமதிப் பக்கத்தைத் திறந்தார். அந்தக் காலிக் கட்டத்தை என் பக்கம் திருப்பினார்.

"எழுதும்மா. எதுக்கு?"

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! "உசுரு போற காரியம் மேடம்! கட்டம் ரொப்பிக்கினு உக்காரச் சொல்றீங்களே, நல்லா இருக்குதா?" என்று கத்திவிட்டேன். அந்தத் தளமே திரும்பிப் பார்த்தது.

அவர் குரல் ஏறவில்லை. "நேத்து சுகுணாவும் நல்ல காரியம்னுதான்மா நெனைச்சிருப்பா. எழுது."

‘வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள’ என்று அடித்தேன்.

"எதுக்கு?"

‘அவசரம்’ என்று சேர்த்தேன்.

"எதுக்கு?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினேன். ‘அவர் இருக்கும் இடத்தை நாங்கள் வெளியே சொல்லிவிட்டோம். அதை அவரிடம் சொல்வதற்கு.’

அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அதுவரை, அந்தப் பெண்ணிடம் எப்படி மழுப்புவது என்றுதான் மனசின் ஒரு மூலை யோசித்துக்கொண்டிருந்தது. இனி மழுப்ப வழியில்லை. மேடம் அனுமதித்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வேலை நேரத்தில் அவர் செருப்பு மாட்டி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

தனி அறைக்குப் போய் ஸ்பீக்கரில் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போய்விடுவாளோ என்று எங்கள் ஊர் அம்மனையெல்லாம் வேண்டிக்கொண்டேன். எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கம்பெனி பெயரைச் சொல்லி, எழுதினதை அப்படியே சொன்னேன்.

மிஷின் நின்றது.

"எதுவரைக்கும் சொன்னாங்க?"

"கோயில் பேரு, கடை, மாடி... டோர் நம்பர் சொல்லலைம்மா."

"இங்க மாடியே ஒண்ணுதாங்க."

"கேட்டது உங்க அண்ணன்னு சொன்னாரும்மா. கடைசித் தங்கச்சிக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்கணும்னு..."

"எனக்குத் தங்கச்சியே இல்லீங்க. வீட்டுக்கு நான்தான் கடைசி."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு அவரே பேசினார். போலீசுக்கு நாங்களே எழுதத் தயார், ஆனால் நீங்கள் சரி என்று சொல்லாமல் செய்ய மாட்டோம் என்றார். பெண்களுக்கான உதவி எண்ணைச் சொன்னார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பேசிக்கொண்டே துணி எடுக்கிறாள் போலிருக்கிறது.

"அவருக்கு போன் பண்ணணும். பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கினு அப்படியே கெளம்பணும்" என்றாள். அப்புறம், "உங்களை நம்பித்தானங்க எழுதிக் குடுத்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கால் சென்டரில் வாங்காத திட்டா? இதைத் தாங்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டாள். "இப்ப நாங்க எங்க போறோம்னு உங்க கம்பெனியில சொல்லணுங்களா? அட்ரஸ் மாத்தணுமே."

"வேணாம்மா. எங்ககிட்டகூட சொல்லாதீங்க" என்றேன்.

போனை வைத்ததும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மறுநாள் அந்த அண்ணன் திரும்பவும் கம்பெனிக்கு போன் செய்தான். நயம் போய்விட்டிருந்தது. "வீடு பூட்டிக் கெடக்குது. வேற அட்ரஸ் இருக்குதா, இல்லியா?" அதற்குள் அந்தக் கணக்கை எங்கள் குழுவைத் தவிர யாருமே திறக்க முடியாதபடி பூட்டு போட்டிருந்தோம். போன் எடுத்த பையன், "விவரம் இல்லை சார்" என்றான். உண்மையாகவே இல்லை. பூட்டிய வீடு என்ற அந்தச் சொல்லைக் கேட்டு நானும் மேடமும் மாற்றி மாற்றிக் கல்கண்டு தின்றோம்.

சுகுணாவின் அனுமதிகளை எல்லாம் அன்றைக்கே நிறுத்தியாகிவிட்டது. விசாரணையில் மேடம் பக்கத்தில் நானும் உட்கார வேண்டியிருந்தது. தங்கச்சியே இல்லை என்று சொன்னதும் சுகுணாவின் முகம் வெளுத்துப்போனது. மேடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கையில பத்திரிகை எடுத்துக்கினு நிக்கிறவங்களுக்கு வீடு எதுன்னு காட்டாம இருக்க முடியுமா மேடம்? எங்க ஊர்ல கேட்டா, வேலையை விட்டுட்டுக் கூடவே போயி வாசல்ல விட்டுட்டு வருவோம். அது புண்ணியம்னு சொல்லித்தான் வளத்தாங்க."

எனக்கு அது புரிந்தது. அந்தப் போன் எனக்கு வந்திருந்தால்? நானும் அதே ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தானே. பத்திரிகை வைக்க அலைகிறவர்களுக்கு வழி சொல்லாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. அதைத் தெரிந்துதான் அவன் அந்தப் பொய்யைச் சொன்னான்.

மேடம் சொன்னார், "உன் வீட்டு வாசலை நீ யாருக்கு வேணா காட்டும்மா. அவ வாசலைக் காட்ட அவளைக் கேக்கணும். ‘சேதி சொல்றோம், அவங்க இஷ்டப்பட்டா கூப்புடுவாங்க’ன்னு சொல்லியிருந்தா போதும்."

சுகுணாவுக்கு வேலை போயிற்று. கம்பெனி விதி அப்படி. குறிப்பைத் திரையில் சேர்க்காமல் விட்டது கம்பெனியின் தப்பு என்று நானும் மேடமும் மேலிடத்துக்கு எழுதினோம். அதன் பிறகு திரை மாறியது. வர வேண்டிய பார்சல் இல்லையென்றால் விலாசம் கண்ணிலேயே படாது. ‘பத்திரிகை வைக்க’ என்ற கதை பயிற்சிப் பாடத்தில் ஏறியது. வடக்கே உள்ள எங்கள் ஆபீஸ்காரர்கள், அழைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்டார்கள். போதாது என்று விளக்கி விளக்கி என் தொண்டை வற்றியது. ஆனால் சுகுணாவின் வேலை திரும்ப வரவில்லை. வண்டியில் பக்கத்துச் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டார்கள். நான் வேர்க்கடலை தின்பதையே விட்டுவிட்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் குரல் கேட்டது. சுகுணா. கூட அவள் வீட்டுக்காரர். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. அவள் தம்பிக்குக் கல்யாணம்.

"எனக்கு மெய்யாலுமே தம்பி இருக்கறான்க்கா, நீ வேணா விசாரிச்சுக்கோ" என்றாள். சிரித்தாள். நான் தட்டை வாங்கியபோது இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. போகும்போது வாசல் தாண்டித் திரும்பிப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பொண்ணு நல்லா இருக்குதாக்கா?"

"தெரியாது சுகுணா" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

உண்மையிலேயே தெரியாது. அதன் பிறகு எத்தனையோ நாள் அந்தக் கணக்கின் எண் எனக்கு மனப்பாடமாக இருந்தது. பூட்டைத் திறக்க அனுமதி உள்ளவர்களில் நானும் ஒருத்தி. மறுபடி ஏதாவது வாங்கினாளா, பாப்பாவுக்குப் பெரிய அளவுச் சட்டை ஏதாவது வாங்கினாளா, அதுமட்டும் பார்த்தால் போதும். உயிரோடு இருக்கிறாள், குழந்தை வளர்கிறது என்று தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற அன்றைக்கு, மாலை மரியாதையெல்லாம் முடிந்து, கடைசியாகக் கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன் அந்த எண்ணைத் தட்டினேன். கட்டம் வந்து நின்றது. எதற்காகப் பார்க்கிறீர்கள்? வசுந்தரா மேடம் அப்போது வேலையை விட்டுவிட்டு நெல்லூர்ப் பக்கம் மகன் வீட்டோடு போயிருந்தார். இருந்தாலும் எதிரில் உட்கார்ந்து கல்கண்டை மென்றுகொண்டிருப்பது போலவே இருந்தது. என்ன எழுதுவேன்? என் மனசு ஆறுவதற்கு என்றா? அதற்காக அவள் தன் விலாசத்தை எங்களிடம் கொடுக்கவில்லை. அணைத்துவிட்டு வண்டியேறினேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து நேற்று நஸ்ரினுக்கு அனுப்பினேன். ராவுத்தர் வீட்டுப் பெண், நெஞ்சில் ஈரம் அதிகம். படித்துவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"மேடம், இந்த மிஷின் வர்றதுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குது. எனக்கு அனுமதியும் இருக்குது. நான் ஒரு நிமிஷம் பாத்துட்டு, நல்லா இருக்காங்களான்னு மட்டும் சொல்லட்டுமா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

‘சொல்லும்மா’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எதுக்கும்மா?" என்றேன்.

அந்தப் பக்கம் நஸ்ரின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி மேடம்" என்றாள்.